பதினோரு தட்டும் ஒரு ஓட்டை மக்கும்

எனக்கு ரிட்டையர்மெண்ட் அன்னிக்கி கடையில மாலை போட்டு, சால்வை போத்தி, கையில ஒரு ரோஸ் கலர் பொட்டியக் குடுத்தாங்க. வீட்டுக்கு வந்து பிரிச்சிப் பாத்தேன். உள்ள, காபில சக்கரை கலக்கற சைஸ்ல ஒரு மண்வெட்டி. அதுக்குத் தம்பியாட்டம் ஒரு முள்ளுக்கரண்டி. அஞ்சு வயசுக் கொழந்தைக்குக்கூட பத்தாத ஒரு ஜதை கையுறை. அப்பறம் ஏதோ குளிர் தேசத்துப் பூவோட வெதை ஒரு பாக்கெட்டு. சித்தூர் வெயில்ல மனுசனே கருகிப் பூடறான், அந்தப் பூ எங்கேந்து பூக்கும்? எனக்கு சிரிப்பும் வந்துச்சி, வயித்தெரிச்சலும் வந்துச்சி. அந்தப் பொட்டிய கடையிலயே வெக்கக் கூடாதுன்னு ரெண்டு வருசம் சண்ட போட்டவளே நான்தான்.

இப்ப கவுண்டர்ல நிக்கிற ரெண்டு பொண்ணுங்க போன மாசம் வீட்டாண்ட வந்தாங்க. "யம்மா, செடிகொடி மேல ஆசையா கீறவங்களுக்கு இன்னா கிஃப்ட் குடுக்கறதுன்னு தெனம் நாலு பேரு கேக்கறாங்க. நாங்க அந்தப் பொட்டியத்தான் தூக்கிக் காட்டறோம். வாங்கினவங்க திரும்பி வர்றதே இல்ல. நீங்க இன்னா பண்ணுவீங்கன்னு எழுதிக் குடுங்களேன்" அப்டின்னாங்க. சரின்னு உக்காந்தேன். எழுத எழுத அது ஒரு மாமியார் மருமக கதையாப் பூடுச்சி. நான் இன்னா பண்றது, நடந்தது அப்டி.

என் பேரு தேசம்மா. ஊரு குடிபாலா பக்கம். நெலம் கிலம் ஒண்ணும் கெடையாது. நைனா அடுத்தவங்க மாந்தோப்புல காவலு, அம்மா கூலி. சித்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி ஒரு தோட்டச் சாமான் கடையில பெருக்கித் தொடைக்கப் போனவ, கவுண்டருக்கு ஏறி, முப்பத்தோரு வருசம் அங்கியே நின்னேன். மண்வெட்டி, கடப்பாரை, மருந்தடிக்கிற ஸ்பிரேயர், ரப்பர் பைப்பு, பூவாளி, செடி வெட்டற கத்திரி, இதான் சரக்கு.

மொதலாளி பேரு குருமூர்த்தி. தெலுங்குக்காரரு, வேலூர்ல படிச்சவரு. வியாபாரம் பேசறது தெலுங்குல, திட்டறது மட்டும் தமிழ்ல. "தமிழ்ல திட்டினாதான் தேசம்மா வாய்க்கு நெறைவா கீது"ன்னுவாரு. காதுல பேனா மூடி சொருகி இருக்கும். பேனா எங்கன்னு யாருக்கும் தெரியாது.

மொத வருசம் பெருக்கினதோட சரி. ரெண்டாவது வருசம் அவரு எனக்கு சொல்லிக் குடுத்தது ஒண்ணே ஒண்ணு: காலிப் பூவாளிய யார் கையிலயும் குடுக்காத. வர்றவங்க காலியாத் தூக்கிப் பாத்துட்டு "ஆகா, லேசா கீதே"ன்னு வாங்கிக்கினு பூடுவாங்க. வீட்ல தண்ணி ரொப்பினப்பறம் தோளு கழண்டுக்கும். அதனால எங்க கடையில தண்ணி ரொப்பித்தான் காட்டணும். கத்திரி வாங்க வந்தா வேப்பங்குச்சி வெட்டிப் பாக்கணும், அதுக்குன்னு கவுண்டர்ல ஒரு கட்டு வேப்பங்கொத்து எப்பவும் இருக்கும். அதத் துன்றதுக்குன்னே தெருவுல ரெண்டு ஆடு ரெகுலர் கஸ்டமர். கையுறை போட்டவங்க தரையில கெடக்கிற அஞ்சு ரூபாக் காசப் பொறுக்கிக் காட்டணும். பொறுக்க முடியலன்னா அந்தக் கையுறை அவங்களுக்கு இல்ல, வேற பாரு. அவ்ளோதான், எங்க படிப்பு முடிஞ்சிது.

கிஃப்ட்டுன்னு யாராவது வாயத் தொறந்தா மட்டும் மொதலாளி தானே எழுந்து வருவாரு. கண்ண மூடிக்குவாரு. "எவரிக்கி?" யாருக்குன்னு கேட்டுட்டு, மூணு கேள்வி. குழாயிக்கும் செடிக்கும் எவ்ளோ தூரம்? அவங்க குந்தினா எழுந்திருக்க முடியுமா? இப்ப எதால அந்த வேலையச் செய்றாங்க? இந்த மூணுக்கும் பதில் தெரியலன்னா, "போயி பாத்துட்டு வாங்க"ன்னு கண்ணத் தொறந்துருவாரு. வாங்க வந்தவங்கள தொரத்தற கடை சித்தூர்ல எங்களுது ஒண்ணுதான்.

செடிய மட்டும் கிஃப்ட்டாக் குடுக்கவே கூடாதும்பாரு. "அவங்களுக்கு எது வேணுமோ அத அவங்களே பக்கத்து வீட்ல கிள்ளிக்கினு வந்து நட்டிருப்பாங்க. நீ இன்னொண்ணக் குடுத்தா வேலையத்தான் குடுக்கற." நெசம்தான். செடிப் பைத்தியம் புடிச்சவங்க தனக்குன்னு ஒரு சாமான் வாங்கிக்க மாட்டாங்க. ஒடஞ்சது, வளஞ்சது, ஓட்டையாப் போனது, இத வெச்சே காலத்த ஓட்டுவாங்க. ஒரு ஆபீசுக்காரங்க எங்க பேச்சக் கேக்காம வேற கடையில இவ்ளோ பெரிய பித்தளைப் பூவாளி வாங்கி அவங்க ஆபீசருக்குக் குடுத்தாங்க. அந்த ஆபீசர் அதுல மழைக் கொடை சொருகி வாசல்ல வெச்சிருக்காரு. நானே கண்ணால பாத்தேன்.

இவ்ளோ தெரிஞ்ச நான் பண்ண கூத்தத்தான் இப்ப சொல்லப் போறேன்.

நாலு வருசத்துக்கு முன்னாடி, பொங்கல் முடிஞ்சி ரெண்டு வாரம் இருக்கும். வெள்ளிக்கிழம மத்தியானம். மொதலாளி உள்ள சாக்கு மூட்ட மேல படுத்துத் தூங்கறாரு. கன்னியப்பன் வந்தான். எங்க ஊருக்கு அடுத்த ஊரு, சொந்தமா ஒரு சின்ன மாந்தோப்பு வாங்கி பொழைக்கிறவன். வருசா வருசம் ஸ்பிரேயருக்கு வாஷர் மாத்த வர்றவன் அன்னிக்கி சலவ சட்ட போட்டுக்கினு வந்து நிக்கிறான்.

"அக்கா, இருக்கறதிலியே ஒசத்தியான தோட்டச் சாமான் எல்லாத்தையும் எடுத்து வைக்கா. சீர் தட்டுல வெக்கணும்."

"இன்னாடா கன்னியப்பா, மண்வெட்டிய சீர் தட்டுல வெப்பாங்களா? யாருக்கு?"

அவன் அப்டியே ஸ்டூல்ல உக்காந்து கண்ணத் தொடச்சிக்கினான். அவன் பொண்ணு பவித்ராவ திருப்பதியில குடுத்து ஆறேழு மாசம்தான் ஆவுது. மாமியார் பேரு ராஜேஸ்வரி அம்மா, கவர்மெண்டு ஆஸ்பத்திரியில நர்சா இருந்து ரிட்டையர் ஆனவங்க. பூர்வீகம் புத்தூர் பக்கம், நம்ம பாஷதான். மொட்டமாடி பூரா செடி.

"போகி அன்னிக்கி விடியக்காலம் பழசெல்லாம் கொளுத்தறாங்கக்கா. எம்பொண்ணு நல்ல பேரு எடுக்கலாம்னு, 'அத்தே, மாடில கீற பழசெல்லாம் எடுத்தாந்து போடட்டா'ன்னு கேட்டுச்சி. அந்தம்மா 'போடு'ன்னுட்டாங்க. அவங்க ரெண்டு கிழிஞ்ச பாயும் ஒரு ஒடஞ்ச நாற்காலியும் தனியா எடுத்து வெச்சிருந்தாங்களாம். அத மனசுல வெச்சி சொல்லிட்டாங்க. இது அதையும் போட்டுச்சி, கூடவே..."

"கூடவே?"

"அவங்க செடிக்கி பொழங்கற ஓட்டை மக், காது ஒடஞ்சி பூட்ட பக்கெட்டு, வளஞ்சி போன தோசக்கரண்டி, வெயிலுக்குக் கட்டற கிழிஞ்ச கொடை, எல்லாத்தையும் அள்ளிக்கினு வந்து போட்டுடுச்சி. எதப் பாத்தாலும் குப்ப மாதிரியே கீதுக்கா, அது இன்னா பண்ணும்? தீ நல்லா எரியறப்போ அந்தம்மா வந்து குளிர் காஞ்சாங்களாம். அப்டியே பாத்தாங்களாம். தோசக்கரண்டி மட்டும் எரியாம நின்னுக்கினு இருந்துச்சாம்."

எனக்கு அடிவயித்துலேந்து சிரிப்பு வந்துச்சி. ஆனா அவன் மொகத்தப் பாத்து முழுங்கிட்டேன்.

அந்தம்மா ஒரு வார்த்த திட்டல. அதான் பயமே. தலப்பொங்கலுக்குப் பொண்ணும் மாப்பிளையும் இவன் வீட்டுக்கு வந்தாங்க. காணும் பொங்கல் முடிஞ்சி மாப்பிள மட்டும் தனியாக் கெளம்பிட்டாரு. "அம்மா மனசு ஆறட்டும் மாமா, அப்பறம் வந்து இட்டுனு போறேன்"னு சொன்னவரு சொன்னவருதான். பவித்ரா தெனம் ஃபோனப் பாத்துக்கினே உக்காந்துனு கீது. ஊர்ல பொம்பளைங்க "இன்னும் போகலியா, இன்னும் போகலியா"ன்னு கேட்டுக் கேட்டு, இவன் பொண்டாட்டி தண்ணி புடிக்கக்கூட வெளிய வர்றதில்ல. "ஒரு ஓட்டை மக்குக்கு எம்பொண்ணு வாழாவெட்டியா நிக்கணுமாக்கா?"ன்னு கேட்டான்.

இங்கதான் நான் தப்பு பண்ணேன். மூணு கேள்வி கேட்டேன், கேக்கலன்னு சொல்ல முடியாது. குழா எங்க? "தெரியாதுக்கா. நிச்சயத்துக்குப் போனேன், காபி குடிச்சேன், வந்துட்டேன். மாடி ஏறல." குந்தி எழுந்துருவாங்களா? "நாற்காலில உக்காந்துதான் பாத்துருக்கேன்." இப்ப எதால ஊத்தறாங்க? அதுவும் தெரியாது. ஒரு கேள்விக்கும் பதில் இல்ல. திருப்பி அனுப்பி இருக்கணும். மொதலாளி தூங்கிக்கினு இருந்தாரு, இவன் அழுதுக்கினு இருந்தான், எனக்கு வேற நாமதான் பெரிய கெட்டிக்காரின்னு உள்ளுக்குள்ள ஒரு கொழுப்பு. எடுத்து அடுக்க ஆரம்பிச்சிட்டேன்.

பதினோரு தட்டு. பித்தளத் தலை வெச்ச பூவாளி ஒரு தட்டு. மடக்கற ரம்பம் ஒரு தட்டு. செடி வெட்டற கத்திரிக்கு வெத்தல பாக்கு மஞ்ச குங்குமம் வெச்சி ஒரு தட்டு. கைமண்வெட்டி, களைக்கொத்தி, ஸ்பிரேயர், ஐம்பதடி பைப்பச் சுருட்டி அதுக்கு மேல ஒரு தேங்கா. நானே பாத்து நானே சொக்கிப் பூட்டேன். சனிக்கிழம எங்க கடை பாதி நாள்தான். அன்னிக்கி இரும்பு வாங்க ஒருத்தரும் வர மாட்டாங்க. "நீயும் வாக்கா, எது எதுக்குன்னு நீதான் வெளக்கணும்"னு கெஞ்சினான். சனிக்கிழம இரும்பாச்சேன்னு ஒரு நிமிசம் தோணுச்சி. வாங்கினது வெள்ளிதானே, சனிக்கிழம குடுக்கறதுதானே, பரவால்லன்னு தீர்ப்பும் நானே சொல்லிட்டேன்.

குட்டி வேன்ல பதினோரு தட்டும் நாங்க ரெண்டு பேரும். பவித்ராவ இட்டுனு போகல, மொதல்ல கோவம் எறங்கட்டும்னு. புத்தலப்பட்டுல டீ குடிக்க நிறுத்தினோம். டீக்கடக்காரன் வேனுக்குள்ள எட்டிப் பாத்து, "எந்தக் கோயிலு பூமி பூஜைண்ணா?"ன்னு கேட்டான். கன்னியப்பன் டீயப் பாதியிலயே வெச்சிட்டான்.

ராஜேஸ்வரி அம்மா நான் நெனச்ச மாதிரி இல்ல. ஒல்லியா, கண்ணாடி போட்டுக்கினு, கொரலே ஒசத்தாம பேசறவங்க. காபி குடுத்தாங்க, உக்கார வெச்சாங்க. நாங்க தட்டெல்லாம் வரிசையாப் பரப்பினோம். அவங்க எழுந்து ஒவ்வொரு தட்டா, வார்டுல ரவுண்ட்ஸ் போறவங்களாட்டம் பாத்துக்கினே போனாங்க. கத்திரி தட்டாண்ட நின்னாங்க.

"இன்னிக்கி இன்னா கெழம?"

நான் அந்தத் தட்ட மெல்ல எங்கிட்ட இழுத்துக்கினேன்.

"சனிக்கிழம, இரும்பு, அதுவும் கத்திரிக்கோல், அதுக்கு வெத்தல பாக்கு. உறவ வெட்டிக்கலாம்னு சொல்ல வந்தீங்களா, சேத்துக்கலாம்னு சொல்ல வந்தீங்களா?"

"ஐயோ சம்மந்தியம்மா!"ன்னு கன்னியப்பன் காலுல விழாத கொற. "ஒண்ணும் தெரியாம பண்ணிட்டோம்மா."

"சாமான் எல்லாம் நல்லாத்தான் கீது. எடுத்துனு போங்க. உங்க தோப்புக்கு ஆகும்"னு சொல்லிட்டு டம்ளர எடுத்துக்கினு உள்ள போனாங்க.

முப்பத்தோரு வருசத்துல என்ன யாரும் இப்டி ஒரே வார்த்தையில தோக்கடிச்சதில்ல. மானம் போச்சி. ஆனா கன்னியப்பன் மொகத்தப் பாத்தா அப்டியே விட்டுட்டும் வர முடியல. சமையல்கட்டு வாசல்ல போயி நின்னு, "யம்மா, ஒரே ஒரு தடவ மாடியப் பாத்துக்கட்டா?"ன்னு கேட்டேன். தோட்டம் வெச்சவங்ககிட்ட அந்தக் கேள்வியக் கேட்டா இல்லன்னு சொல்ல மாட்டாங்க. எவ்ளோ கோவம் இருந்தாலும் சரி. அவங்களும் சொல்லல. சாவிய எடுத்துக்கினு முன்னாடி ஏறினாங்க.

மாடில குழா இல்ல. மோட்டார் போட்டா ஒரு டிரம்மு ரொம்பும், அவ்ளோதான். பெயிண்டு பக்கெட்டு, எண்ண டின்னு, தெர்மாகோல் பொட்டி, எல்லாத்துலயும் செடி. தெர்மாகோல் பொட்டில இப்பதான் மொளச்ச மொளகா நாத்து, நூலு மாதிரி. அந்தம்மா டிரம்முலேந்து கைய குவிச்சி தண்ணி அள்ளி, வெரலு சந்துல ஒழுக விட்டு, ஒவ்வொரு நாத்துக்கா நடந்தாங்க. திரும்பி வந்தாங்க. மறுபடி கைய குவிச்சாங்க. நூறு தொட்டிக்கி தெனம் இதான் நடக்குது, போகியிலேந்து.

நான் வாயிக்கொழுப்பெடுத்து, "யம்மா, இந்தப் பூவாளில ஊத்திப் பாருங்க, எவ்ளோ சுளுவா இருக்கும்"னு சொல்லி, கீழ தட்டுலேந்து எடுத்தாந்து, ரொப்பி, நானே ஊத்திக் காட்டினேன். பித்தளத் தலை புதுசு. தபதபன்னு கொட்டிச்சி. நாத்து மொத்தமும் படுத்துக்கிச்சி.

அந்தம்மா "அடப்பாவி"ன்னாங்க. கொரல ஒசத்தல. குந்தி உக்காந்து, வெளக்கமாத்துலேந்து ஈர்க்குச்சி ஒடச்சி, ஒவ்வொரு நாத்தையும் தூக்கி நிறுத்தி முட்டுக் குடுக்க ஆரம்பிச்சாங்க. நானும் குந்திக்கினு ஒடச்சிக் குடுத்தேன். மூஞ்சிய எங்க வெச்சிக்கறதுன்னு தெரியல. அந்த ஈர்க்குச்சி நேரத்துலதான் அவங்க வாயிலேந்து விசயம் வந்துச்சி.

"முப்பது வருசம் ட்ரிப் ஏத்தின கை இது. எந்த ஒடம்புக்கு எத்தன சொட்டுன்னு எண்ணி விட்டவ நானு. அந்த மக்குல பதினேழு ஓட்டை. ஆணியக் காய்ச்சி நானே போட்டது. பத்து வருசம் ஒரு நாத்தக்கூட சாய்ச்சதில்ல. இப்ப கடையில விக்கிற மக்கெல்லாம் காயிதம் மாதிரி கீது. ஆணி வெச்சாலே பிளந்துக்குது. மூணு வாங்கி மூணையும் தூக்கிப் போட்டேன்." இன்னொரு நாத்த நிறுத்திட்டு, "அந்தப் பொண்ணு மேல எனக்குக் கோவம் இல்ல. ஆனா காலைல எழுந்து வெறுங்கையோட மாடிக்கி வரும்போதெல்லாம் அது மூஞ்சிதான் ஞாபகத்துக்கு வருது. நான் இன்னா பண்ண?"

எனக்கு மூணு கேள்விக்கும் பதில் கெடச்சிப் போச்சி. குழா இல்ல, டிரம்மு. குந்தி எழுந்துருவாங்க, என்னவிட நல்லா. இப்ப எதால செய்றாங்க? கையால. அந்தக் கைக்கு என்ன வேணும்னும் தெரிஞ்சிது. அது எங்க கீதுன்னும் தெரிஞ்சிது. அத எப்டிக் கேக்கறதுன்னுதான் தெரியல.

எங்க கடை வாசல்ல ஒரு துளசி. மொதலாளி கடையத் தொறந்ததும் மொத வேலையா அதுக்குத் தண்ணி ஊத்துவாரு. எந்தக் காலத்துலயோ ஏதோ இஞ்சின் ஆயில்காரன் ஓசியாக் குடுத்த பச்ச மக், இரும்பு மாதிரி கனம், அடில அவரே கொடஞ்ச ஓட்டை. இருபது வருசமா வேற யாரையும் தொட விட மாட்டாரு. ஒரு தடவ நான் அதுல டீ கிளாஸ் கழுவிட்டேன்னு மூணு நாளு என்கூடப் பேசல.

திங்கக்கிழம காலைல போயி எல்லாத்தையும் சொன்னேன். சனிக்கிழமைல கத்திரிக்கி வெத்தல பாக்கு வெச்சத சொன்னதும் தமிழ்ல ஆரம்பிச்சாரு. "அறிவு கெட்டவளே, மாடி ஏறாம சாமான் குடுத்தியா? நான் செத்தா பூட்டேன், தூங்கிக்கினுதானே இருந்தேன்? உலுக்கி எழுப்பத் தெரியாது?" பத்து நிமிசம். தெருவுல ஆடுகூட நின்னு கேட்டுச்சி. அப்பறம் மூச்சு வாங்கிக்கினு கண்ண மூடினாரு.

"எவரிக்கி?"

சொன்னேன். குழா சொன்னேன், முட்டி சொன்னேன், கைய குவிச்சி ஊத்தறதச் சொன்னேன். அவரு கண்ணத் தொறக்கல. ரொம்ப நேரம் தொறக்கல. தூங்கிட்டாரோன்னு பாத்தேன். அப்பறம் எழுந்து போயி அந்தப் பச்ச மக்குல தண்ணி மொண்டு துளசிக்கி ஊத்தினாரு. ஒதறினாரு. வேட்டித் தலப்பால தொடச்சாரு. என்கிட்ட நீட்டினாரு.

"பேப்பர்ல சுத்தாத. தட்டு கிட்டு வெக்காத. அந்தப் பொண்ணு கையாலயே குடுக்கட்டும். சனிக்கிழம போகாத, மகராசி."

புதன்கிழம பவித்ராவ இட்டுக்கினு நான் பஸ்ல போனேன். பட்டுப்பொடவ கட்டிக்கினு வந்துச்சி, பாவம். கையில பை இல்ல, பொட்டி இல்ல, பச்ச மக் மட்டும். மாமியார் சேத்துக்கலன்னா பொட்டியோட திரும்பி வந்து எறங்கறத ஊரு பாக்கக் கூடாதுன்னு அதோட அம்மா சொல்லிட்டாங்களாம். பக்கத்து சீட்டுப் பெரியவரு ரொம்ப நேரம் மக்கயே பாத்துக்கினு வந்தாரு. சந்திரகிரி வந்ததும் அடக்க முடியாம, "ஏம்மா, அவசரம்னா டிரைவர்கிட்ட சொல்லி நிறுத்தச் சொல்லட்டா?"ன்னு கேட்டாரு. மூணு வாரமா சிரிக்காத பொண்ணு அன்னிக்கி அப்டி சிரிச்சிது. சிரிச்சி முடிச்சி அழுதுச்சி. அத சமாதானம் பண்ணத்தான் மொதலாளியோட மூணு கேள்விய, ஆட்ட, அஞ்சு ரூபாக் காச, எல்லாக் கதையும் சொல்லிக்கினே போனேன்.

வீட்ல ராஜேஸ்வரி அம்மா கதவத் தொறந்தாங்க. பவித்ரா ரெண்டு கையாலயும் மக்க நீட்டிச்சி. அந்தம்மா வாங்கல. மொதல்ல மக்கப் பாத்தாங்க, அப்பறம் பொண்ணப் பாத்தாங்க, மறுபடி மக்கப் பாத்தாங்க. வாங்கிட்டாங்க. வெரலால தட்டிப் பாத்தாங்க. வெளிச்சத்துல தூக்கிப் புடிச்சி அடியப் பாத்து ஒதட்டுக்குள்ளயே எண்ணினாங்க.

"இருபத்திரெண்டு. ஓட்டை அதிகம்."

பவித்ராவுக்கு மூஞ்சி செத்துப் போச்சி. "நான் வேணா அடைக்கட்டா அத்தே?"

"நீ எதையும் பண்ண வேணாம், தாயே. உள்ள போயி மெழுகுவத்தி எடுத்துனு வா. எது அடைக்கணும்னு நான் சொல்றேன், நீ சொட்டு விடு." ரெண்டு படி ஏறினவங்க திரும்பினாங்க. "உன் பொட்டி எங்க?"

"எடுத்தாரல அத்தே."

"ஏன் எடுத்தாரல? சரி, சாயங்காலம் அவன அனுப்பி எடுத்தாரச் சொல்றேன். பொடவய மாத்திக்க, மாடில சேறு."

அது உள்ள ஓடிச்சி பாருங்க. நான் வாசல்லயே நின்னுக்கினு இருந்தேன். எனக்குக் காபி குடுக்கக்கூட ரெண்டு பேருக்கும் ஞாபகம் இல்ல. ரொம்ப சந்தோசமா காபி குடிக்காமயே பஸ் ஏறினேன்.

பூவாளி தவிர மிச்ச பத்து தட்டு சாமானும் கன்னியப்பன் தோப்புலதான் கீது. பித்தளத் தலைப் பூவாளிய மொதலாளி துளசிக்கின்னு வாங்கிக்கினாரு. துளசி ஒரு வாரத்துல அழுகிடுச்சி. இன்னிக்கி வரைக்கும் அதுக்கு நான்தான் காரணம்னு சொல்லிக்கினு கீறாரு. அடுத்த போகிக்கி பவித்ரா ஃபோன் பண்ணுச்சி. மாமியார் அந்த மக்க நகையோட சேத்து பீரோல வெச்சிப் பூட்டிட்டாங்களாம். "சாவி யாருகிட்ட?"ன்னு கேட்டேன். "என்கிட்டதான்"னுச்சி. சொல்லும்போதே கொரலு பூரா சிரிப்பு.

போன வருசம் நான் ரிட்டையர் ஆவறதுக்கு ஒரு மாசம் முன்னாடி மறுபடி பேசுச்சி. எப்டி கீறீங்க, சாப்டீங்களான்னு எல்லாம் கேட்டுட்டு, "உங்க வீட்ல செடி ஏதாவது கீதாம்மா?"ன்னுச்சி.

"வாடக வீட்ல இன்னா செடி? மாடிப்படியாண்ட ஒரு கருவேப்பில, பெயிண்டு டப்பால."

"குழா கிட்டயா கீது?"

"எங்க? கீழ வீட்டுக்காரங்க தொட்டியிலேந்து எடுத்துனு வரணும்."

"குந்தி எழுந்துக்குவீங்களா?"

"முட்டி பூடுச்சிடி. முப்பத்தோரு வருசம் நின்ன கால் இது."

"அப்ப எதுல ஊத்தறீங்க?"

"சொம்புல ஊத்தறேன், பாதி படியில சிந்துது."

மரமண்ட நானு. ஊருக்கெல்லாம் இந்தக் கேள்விய நூறு தடவ கேட்டவ. பொண்ணு எவ்ளோ அக்கறையா விசாரிக்குதுன்னு பெருமப்பட்டுக்கினு ஃபோன வெச்சிட்டேன்.

ரிட்டையர்மெண்ட் முடிஞ்ச நாலாவது நாளு பவித்ரா வந்துச்சி. பேப்பர்ல சுத்தல, தட்டுல வெக்கல. கையில ஒரு நீல மக், நல்லா கனமான பழைய மக், எங்க தேடிப் புடிச்சாங்களோ. அதோட பிடியில ஒரு பிளாஸ்டிக் பைப்ப வெச்சி சைக்கிள் டியூப்பால இறுக்கிக் கட்டி, நான் குனியாம ஊத்தற அளவுக்கு நீளம். அடில ஓட்டை. "அத்தையே ஆணியக் காய்ச்சி போட்டாங்கம்மா. நான் புடிச்சிக்கினேன். கைய சுட்டுக்கிச்சி"ன்னு வெரலக் காட்டிச்சி. அன்னிக்கி சனிக்கிழமையும் இல்ல, பாத்துதான் அனுப்பி இருக்காங்க. மகராசி.

அது போனப்பறம் தனியாப் போயி நின்னு ஊத்திப் பாத்தேன். முட்டி வலிக்கல. படியில ஒரு சொட்டு சிந்தல. கருவேப்பில மேல அப்டியே தூத்தலா எறங்குது. முப்பத்தோரு வருசம் ஊருக்கெல்லாம் எடுத்துக் குடுத்தவளுக்கு அன்னிக்கிதான் ஒருத்தர் எடுத்துக் குடுத்தாங்க. கொஞ்ச நேரம் நின்னு அழுதேன், சொல்றதுக்கு இன்னா.

அழுது முடிச்சி கண்ணத் தொடச்சிக்கினு, வெளிச்சத்துல தூக்கிப் புடிச்சி எண்ணினேன். ராஜேஸ்வரி அம்மாவுக்கு ஃபோன் போட்டேன்.

"யம்மா, பத்தொம்போது போட்டிருக்கீங்க. ஓட்டை அதிகம்."

அந்தப் பக்கம் தண்ணி ஊத்தற சத்தம் நின்னுச்சி. அப்பறம் அந்தக் கொரலு, ஒசத்தாமயே, "அப்டியா? சரி, குடுத்தனுப்பு, ரெண்ட அடைச்சித் தரேன்"னுச்சி.

குடுத்தனுப்பறதாவது. போனா திரும்பி வருமா? "வேணாம்மா, இருக்கட்டும், பழகிக்கறேன்"னு சொல்லிட்டு ஃபோன வெச்சிட்டேன். இந்தப் போகிக்கி நானும் அத பீரோல வெச்சித்தான் பூட்டினேன்.